கத்திரிக்காய் வேடம்

— லோஷினி, கத்திரிக்காய். அப்படித்தானே போட்டிருக்கீங்க டீச்சர்? பஸ்ல நின்னுக்கிட்டே மூணு தடவை படிச்சேன். கண்ணு தப்பாப் பார்க்குதோன்னு.

— நீங்கள் லோஷினியின் அம்மா தேன்மொழிதானே? உட்காருங்கள். இந்த நேரத்தில் நீங்கள் சிங்கப்பூரில் வேலையில் இருப்பீர்களே?

— போகல. உங்க மெசேஜ் குரூப்ல வந்தப்போ பஸ் பாலத்து மேல நிக்குது. சிங்கப்பூர்க் கரையில உட்லண்ட்ஸ்ல இறங்கினேன், அப்படியே திரும்பி நேரா இங்க தம்போய்க்கே வந்துட்டேன். சம்பளம் போனாப் போவுது லா.

— முதலில் தண்ணீர் குடியுங்கள், அம்மா. பிள்ளைகள் பின்னால் கைகழுவிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளும் அங்கேதான் இருக்கிறாள்.

— தண்ணி வேணாம். அவ வர்றதுக்குள்ள பேசிடணும். சனிக்கிழமை உங்க பாலர் பள்ளி கான்சர்ட்டு. பிள்ளைங்க எல்லாம் உலகத்துப் பழம், உலகத்துக் காய்கறி வேஷம் போடுறாங்க. செல்வராணி மவ ரூபினி ஸ்ட்ராபெரி. சரி. கவின் ஆப்பிள். சரி. யுகேந்திரன் டிராகன் பழம். அதுவும் சரி. என் மவ மட்டும் ஏன் கத்திரிக்காய்?

— உங்கள் மகள் மட்டுமா காய்கறி? விக்னேஷ் மிளகாய். ஷர்மினி முள்ளங்கி. தலைப்பே 'உலகப் பழங்களும் காய்கறிகளும்'. எல்லாரும் பழமாகிவிட்டால் காய்கறியாக யார் நிற்பது? நானா?

— முள்ளங்கி வெள்ளை டீச்சர்.

— என்ன?

— முள்ளங்கி வெள்ளை. ஷர்மினியும் வெள்ளை. ரூபினி சிவத்த பிள்ளை, அவ ஸ்ட்ராபெரி. என் மவ கறுப்பு, அவ கத்திரிக்காய். இன்னும் நான் வாய விட்டுச் சொல்லணுமா?

— போதும், நிறுத்துங்கள்! தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியே நரைத்த தலை இது. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தக் கடைவீட்டு மாடியில் பாலர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். நிறம் பார்த்துப் பிள்ளைக்கு வேடம் கொடுத்தாள் சுபத்ரா என்று ஒருவரும் இதுவரை சொன்னதில்லை.

— எப்படிச் சொல்வாங்க? நீங்க நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசினா எதிர்ல நிக்கிறவங்களுக்கு வாய் வருமா? எனக்கு வருது. நான் சொல்றேன்.

— சொல்லுங்கள். ஆனால் ஆதாரத்தோடு சொல்லுங்கள்.

— ஆதாரமா? நேத்து சாயங்காலம் வேன்ல இருந்து இறங்குறா. உள்ள இருந்து பையனுங்க 'டெரோங், டெரோங்'னு கத்துறானுங்க. மலாய்ல கத்திரிக்காய்னு ஏன் இப்படிக் கத்துறானுங்க, மார்க்கெட்டுக்கா போறானுங்கன்னு நினைச்சேன். இன்னைக்கு உங்க மெசேஜப் பார்த்ததும்தான் புரிஞ்சுது. இன்னும் மேடையே ஏறல, அதுக்குள்ள பிள்ளைக்குப் பேரு விழுந்துடுச்சு.

— யார் கத்தியது? பெயரைச் சொல்லுங்கள். நாளைக் காலையில் வேன் வாசலில் நான் நிற்கிறேன்.

— நீங்க வாசல்ல நிப்பீங்க. வேனுக்குள்ள யாரு நிப்பா? அடுத்த வருசம் பெரிய ஸ்கூலுக்குப் போவா, அங்க யாரு நிப்பா? பட்டப்பேரு ஒரு தடவை ஒட்டினா அவ்வளவுதான் டீச்சர்.

— கத்திரிக்காயை வசைச்சொல்லாக ஆக்கியவர் யார்? நான் அல்லேன். கேளுங்கள், அம்மா. இந்தியாவில் விளைந்து உலகமெங்கும் போன காய் அது. அரபு நாட்டார் அதைச் சுட்டுப் பிசைந்து ரொட்டியோடு உண்கிறார்கள். மலாய்க்காரர்கள் அசாம் பெடாஸ் புளிக்குழம்பில் மீனோடு போடுகிறார்கள். நாம் சாம்பாரில் போடுகிறோம். ஆப்பிளுக்கு உண்டா இத்தனை அடுப்பு? மிளகாயையே எடுத்துக்கொள்ளுங்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தது. கத்திரிக்காய் யாருடைய கப்பலிலும் நமக்கு வரவில்லை.

— டீச்சர், எனக்குப் பாடம் வேணாம்.

— இது பாடம் அன்று, உங்கள் மகள் மேடையில் சொல்லப்போகும் செய்தி. 'நான் கத்திரிக்காய். இந்தியாவிலிருந்து வருகிறேன். எந்த வீட்டுச் சட்டியிலும் எனக்கு இடம் உண்டு.' ஒரு பிழை இல்லாமல் சொல்கிறாள். கவின் இன்னும் 'நான் ஆப்பிளு, நான் வந்திச்சு' என்றுதான் நிற்கிறான்.

— நல்லாச் சொல்வா. என் பிள்ளை நல்லாத்தான் சொல்வா. கீழ உட்கார்ந்திருக்கிறவங்க அதையா கேப்பாங்க? ஊதாத் துணியச் சுத்திக்கிட்டு ஒரு கறுத்த பிள்ளை வந்து நிக்கும். போன எடுத்துப் படம் புடிப்பாங்க. சிரிப்பாங்க. நீங்க ஏன் டீச்சர் அதை யோசிக்கல?

— நான் அந்த வேடத்தை அவளுக்குக் கொடுக்கவே இல்லை, தேன்மொழி. அவளே எடுத்தாள்.

— அலமாக்! ஸ்ட்ராபெரிய விட்டுட்டு ஒரு சின்னப் பிள்ளை கத்திரிக்காய எடுக்குமா? யாருகிட்ட கதை விடுறீங்க?

— என்னைப் பார்த்துக் கதை விடுகிறேன் என்கிறீர்களா? சரி, நடந்ததைக் கேளுங்கள். போன திங்கட்கிழமை மேசை நிறையப் பழமும் காய்கறியும் பரப்பி வைத்தேன். எல்லாம் உண்மையானவை. மணமில்லாத பிளாஸ்டிக் பழம் என் வகுப்புக்குள் வராது. எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லும் பிள்ளை முதலில் வந்து வேண்டியதை எடுக்கலாம் என்றேன். உங்கள் மகள் ஒன்றைக்கூட விடவில்லை. கிவி நியூசிலாந்துப் பழம் என்று கவின் கத்தினான். 'இல்ல, அது சீனாவுலேர்ந்து அங்க போச்சுன்னு டீச்சர் சொன்னாங்க' என்று அவனை உட்கார வைத்துவிட்டாள்.

— அப்படியா சொன்னா?

— அப்படியேதான் சொன்னாள். ஆகவே முதலில் எடுக்க வந்தவள் அவள்தான். ரூபினிக்குக் கிடைத்த ஸ்ட்ராபெரி லோஷினி விட்டு வைத்தது.

— ஏன் விடணும்? அவளுக்கு ஸ்ட்ராபெரின்னா உசுரு லா. கேமரன் மலைக்குப் போனப்போ கூடையக் கீழ வைக்கவே இல்ல.

— அதைத்தான் முதலில் தொட்டாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். பிறகு ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு கைகழுவும் இடத்துக்கு ஓடினாள். கழுவித் தின்னப் போகிறாளோ என்று நானும் பின்னாலேயே போனேன். தின்னவில்லை. காதருகே வைத்துக்கொண்டு நின்றாள், தொலைபேசியில் பேசுவதைப் போல. 'யாரம்மா பேசுகிறார்கள்?' என்று கேட்டேன். சிரித்துவிட்டு வந்து பழத்தை வைத்துவிட்டாள். ஆப்பிளையும் அப்படியே கொண்டுபோய்க் கொண்டுவந்தாள். கடைசியில் கத்திரிக்காயை எடுத்துப் போனாள். 'இதுதான் டீச்சர்' என்று கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

— யாராச்சும் சிரிச்சிருப்பாங்க. யாராச்சும் ஏதாச்சும் சொல்லியிருப்பாங்க. நீங்களே கண்ணக் காட்டியிருப்பீங்க.

— ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் கண்ணைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் குரலில் கோபத்தைவிடப் பயம் கூடுதலாகக் கேட்கிறது, அம்மா. உங்களை யார் என்ன செய்தார்கள்?

— அத விடுங்க.

— விடமாட்டேன். சொல்லுங்கள்.

— நான் படிச்சது சிகாமட் பக்கம் எஸ்டேட் ஸ்கூலு. ஆண்டு விழா. பறவை நாடகம். எஸ்டேட் ஆபீஸ் கிராணி மவளுக்குக் கிளி வேஷம். என்னை ஒண்ணுமே கேக்கல டீச்சர். வரிசையில பார்த்துக்கிட்டே வந்தாங்க, எம்முன்னாடி வந்ததும் 'நீ காக்கா'ன்னுட்டாங்க. கறுப்பு கிரேப் பேப்பர வெட்டி உடம்பு பூராச் சுத்துனாங்க.

— பிறகு?

— மேடைக்கு மேல தகரக் கொட்டாய். வேர்வையில பேப்பர் சாயம் கரைஞ்சு கழுத்து, கையி எல்லாம் ஓடுது. நாடகம் முடிஞ்சதும் ஒரு டீச்சர் ஈரத்துணியால தொடைச்சாங்க. தொடைச்சிக்கிட்டே பக்கத்துல இருந்தவங்ககிட்ட, 'எது சாயம், எது தோலுன்னு தெரியலையே'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்யிறது?

— ஆசிரியரா அவர்? அந்தச் சொல்லுக்கே இழுக்கு! துடைத்துவிடும் கையோடு இப்படி ஒரு சொல்லா?

— என் கல்யாணத்துல மாலையோட நிக்கிறேன், ஊர்க்காரர் ஒருத்தரு வந்து, 'நம்ம காக்காவா இது?'ன்னாரு. பாசமாத்தான் கேட்டாரு. என் வீட்டுக்காரர் மனோகரன் இன்னும் கேப்பாரு, அது என்ன பேருன்னு. நான் சொன்னதில்ல. உங்ககிட்டதான் சொல்றேன்.

— சொன்னது நல்லதுதான், தேன்மொழி.

— அதான் டீச்சர், என் பிள்ளைய நான் அப்படி விடக் கூடாதுன்னு இருக்கேன். ஒரு சட்டை வாங்கினாக்கூட எடுத்தோம் வந்தோம்னு வாங்குறதில்ல. கடையில கண்ணாடி முன்னால நிக்க வெச்சு, துணிய அவ கன்னத்துல ஒட்டிப் புடிச்சுப் பார்ப்பேன். இது உனக்குச் சேருது, இது சேரலன்னு அவளுக்கும் காட்டுவேன். சேராதத அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவேன். தீபாவளிக்கு ஒரு சட்டைக்கு அந்த அழுகை அழுதா. விடலையே நான். என் பிள்ளை யாரு வாயிலயும் விழக் கூடாது.

— கன்னத்தில் வைத்தா?

— ஆமா. அப்பத்தானே தெரியும்?

— கண்ணாடி முன்னால்.

— ஆமா டீச்சர். ஏன்?

— ஒன்றுமில்லை. அந்தத் தீபாவளிச் சட்டை என்ன நிறம்?

— அதுவா? நல்ல சிவப்பு. இப்ப அதுக்கு என்ன? பேச்ச மாத்தாதீங்க. வேஷத்த மாத்துங்க. இல்லன்னா சனிக்கிழமை அவ வரமாட்டா. திங்கக்கிழமை வேற பாலர் பள்ளி பார்த்துடுவேன்.

— மாற்றிவிடுகிறேன்.

— என்னது?

— மாற்றிவிடுகிறேன், அம்மா. ஸ்ட்ராபெரியே கொடுக்கிறேன். ஒரு பெட்டியில் ஒரே ஒரு ஸ்ட்ராபெரியா இருக்கிறது? ரூபினியும் அவளும் சேர்ந்து நிற்கட்டும். துணிகூட நானே வாங்கித் தருகிறேன்.

— இவ்வளவு நேரம் விட்டுக் கொடுக்காமச் சண்டை போட்டீங்க. இப்ப ஏன் டக்குன்னு?

— யோசித்துப் பார்த்தேன். தவறு என்னுடையது.

— அவளே எடுத்தான்னு இப்பத்தானே சொன்னீங்க?

— அப்படிச் சொன்னேன். அது பொய்.

— டீச்சர்! நீங்களா?

— நான்தான். கத்திரிக்காய் வேடத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நான்தான் அவள் கையில் கொடுத்தேன். இதற்கு மேல் கேட்காதீர்கள், தேன்மொழி. அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அவளிடமும் இதைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம்.

— நான் கத்தணும்னுதான் வந்தேன். குரூப்ல போடணும்னு பஸ்லயே எழுதிக்கூட வெச்சிருந்தேன். நீங்க இப்படிப் பட்டுன்னு ஒத்துக்கிட்டீங்களே, எனக்கு இப்ப கத்த வரல. அந்த எஸ்டேட் டீச்சரு கடைசி வரைக்கும் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல.

— அவருக்கும் சேர்த்து என்னை மன்னித்துவிடுங்கள்.

— ஐயோ, கையெல்லாம் கூப்பாதீங்க டீச்சர். போதும். எனக்கு இது போதும். எழுதினத அழிச்சுடுறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. அவகிட்ட நீங்களே உங்க வாயால சொல்லுங்க, நீ ஸ்ட்ராபெரின்னு. நான் சொன்னா நம்ப மாட்டா.

— இன்று வேண்டாம். நாளை சொல்கிறேன்.

— இப்பவே சொல்லுங்க, அந்தச் சிரிப்ப நானும் பார்க்கிறேன். லோஷினி! கை கழுவினது போதும், இங்க வா. டீச்சர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— அம்மா! நீங்க வேலைக்குப் போகலியா? இன்னைக்கு நீங்களா என்னைக் கூட்டிட்டுப் போறீங்க? வேன் இல்லியா?

— ஆமாடா செல்லம். வேன் இல்ல. டீச்சர், சொல்லுங்க.

— லோஷினி… சனிக்கிழமை நீ ஸ்ட்ராபெரியாக வருகிறாய். ரூபினியோடு சேர்ந்து.

— நான் கத்திரிக்காய் டீச்சர். எனக்கு எல்லா வரியும் தெரியும். சொல்லட்டா?

— தெரியும், கண்ணே. இருந்தாலும் டீச்சர் மாற்றிவிட்டேன்.

— வேணாம் டீச்சர். ஸ்ட்ராபெரி எனக்குச் சேராது.

— யாரு சொன்னது? அம்மாகிட்டச் சொல்லு. ரூபினியா? வேன்ல அந்தப் பையனுங்களா?

— தேன்மொழி, வேண்டாம். பிள்ளையை விடுங்கள். போகும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள்.

— இருங்க டீச்சர், எனக்குத் தெரியணும். சொல்லு லோஷினி. சேராதுன்னு உனக்கு யாரு சொன்னா? டீச்சர்தானே உன் கையில கத்திரிக்காயக் கொடுத்தாங்க? பயப்படாமச் சொல்லு, டீச்சரே ஒத்துக்கிட்டாங்க.

— டீச்சர் கொடுக்கல, நானேதான் எடுத்தேன். கை கழுவுற இடத்துக் கண்ணாடில ஸ்ட்ராபெரிய வெச்சுப் பார்த்தேன், சேரல. ஆப்பிளும் வெச்சுப் பார்த்தேன், சேரல. கத்திரிக்காய்தான் நல்லாச் சேர்ந்துச்சு. ஏம்மா அழுவுறீங்க? கடையில நீங்க பார்க்கிற மாதிரியே, கன்னத்துல ஒட்டி வெச்சு, சரியாத்தானேம்மா பார்த்தேன்?