மூன்றாவது மைக்காக் குழி

சுரேஸ்: பாத்து காலை வைங்க சார்... இதான் குழி. வெள்ளக்காரன் மைக்கா எடுத்தது. எண்பது வருசமாச்சு.

தனேஸ்வரன்: கடிதத்தில அறுபது எண்டெல்லோ எழுதியிருந்தியள்.

கலாராணி: கடுதாசி போட்டு, மண்சரிவு ஆபீஸ்ல இருந்து நீங்க வர்றதுக்குள்ள இருவது வருசம் ஓடிருச்சு சார்.

தனேஸ்வரன்: அதுவும் சரிதான். நீங்கள்தானே கலாராணி? லயத்து ஆக்களுக்காகக் கையெழுத்துப் போட்டது?

கலாராணி: ஆமாங்க. ஒரே கூரைக்குக் கீழ பதினாறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். இவன் என் தம்பி சுரேஸ். குழியக் கண்டுபுடிச்சது இவன்தான்.

தனேஸ்வரன்: கெட்டிக்காரன். பழைய வரைபடத்தில இந்த மலையில மூண்டு சுரங்கம் கிடக்கு. ஒண்டுக்குள்ள இப்ப முனியாண்டி இருக்கிறார்...

சுரேஸ்: எங்க சாமிதான் சார்.

தனேஸ்வரன்: மற்றதுக்குள்ள தோட்டத்து உரச்சாக்கு. மூண்டாவதைத்தான் ஆறு மாசமாத் தேடித் திரியிறன்.

சுரேஸ்: இந்தா கெடச்சிருச்சு. எழுதிக்கோங்க.

தனேஸ்வரன்: கொஞ்சம் பொறும் தம்பி...

கலாராணி: எழுதினா எங்க பேரு வீட்டு லிஸ்ட்டுக்குப் போகும்ல சார்? லயத்துக்குப் பக்கத்துல பழைய குழி இருந்தா தனி வீடு கெடைக்கும்னு பசறையில பேசிக்கிறாங்க.

தனேஸ்வரன்: ஓம். பக்கத்தில எண்டா வீட்டுத்திட்டம். கட்டி முடியுமட்டும் லயத்திலயே இருக்கலாம்.

கலாராணி: அடியிலயே இருந்துச்சுன்னா...?

தனேஸ்வரன்: அண்டைக்கே எல்லாரையும் எழுப்பிப் பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோவம். வீடு எப்ப எண்டு என்னாலயும் சொல்லேலாது. ஏன் கேக்கிறியள்?

கலாராணி: சும்மாதான். மீரியபெத்தத் தோட்டத்துச் சனம் மண்ணு சரிஞ்ச பொறகு வருசக்கணக்கா முகாம்ல கெடந்துச்சே... அத நெனச்சேன்.

தனேஸ்வரன்: ம்... சுரேஸ், இந்தத் தேயிலை வேரைப் பாரும். வெட்டுப்பட்ட இடம் இன்னும் வெள்ளையாக் கிடக்கு.

சுரேஸ்: பன்னி கெளறியிருக்கும் சார்.

தனேஸ்வரன்: மண்வெட்டியோடயோ?

கலாராணி: எங்க தோட்டத்துப் பன்னி எதுவும் செய்யும்.

தனேஸ்வரன்: தோண்டிப்போட்ட மண்ணில ஒரு புல்லும் முளைக்கேல்லை. எண்பது வருசமா...

சுரேஸ்: மைக்கா மண்ணு சார், புல்லு புடிக்காது. அந்தா, செவுத்துல மினுங்குது பாருங்க.

தனேஸ்வரன்: வடிவா மினுங்குது. ஆனா மைக்கா ஏடு ஏடா உரியும் தம்பி. இது விரலில ஒட்டுது.

கலாராணி: ஈரம்...

தனேஸ்வரன்: ரோஸ் கலரும் கலந்து கிடக்கு.

கலாராணி: ரோஸா...? டேய். வெள்ளிக் கலர் தூள் மட்டும் வாங்குன்னுதானே காசு குடுத்தேன்?

சுரேஸ்: லுணுகலைக் கடையில வெள்ளி முடிஞ்சிருச்சுக்கா. கடைக்கார ஸப்வான் நானா, இதான் இப்ப பிள்ளைங்க வாழ்த்து மட்டைக்கு ஒட்டுறாங்கன்னு...

கலாராணி: வாழ்த்து மட்டையா செய்யச் சொன்னேன் ஒன்ன...

தனேஸ்வரன்: எத்தினை நாள் தோண்டினனீங்கள்?

சுரேஸ்: மூணு ஞாயித்துக்கிழம.

தனேஸ்வரன்: எங்கட ஆக்களெண்டா மூண்டு மாசம் எடுப்பினம்.

கலாராணி: கேஸ் போடுவீங்களா சார்?

தனேஸ்வரன்: என்னெண்டு போடுறது? மலையில மினுக்குத்தூள் தூவினதுக்கோ? போடமாட்டன். ஆனா இல்லாத சுரங்கத்தை இருக்கு எண்டு எழுதவும் மாட்டன்.

கலாராணி: அப்ப என்ன எழுதுவீங்க?

தனேஸ்வரன்: உள்ளதைத்தான். "சுரங்கம் காணப்படவில்லை. லயத்துக்கு ஆபத்தில்லை." இதுக்குப் பிறகு ஒருத்தரும் உங்களைத் தேடி வரமாட்டினம். பயமில்லாமல் இருங்கோ.

கலாராணி: ஆபத்தில்லன்னா...

தனேஸ்வரன்: மழை நாளிலயும் லயத்திலயே இருக்கலாம் எண்டு அர்த்தம். வீடு கிடைக்காததுதான் கவலை, எனக்கும் விளங்குது. சரி, கையெழுத்து வைக்கிறன்...

சுரேஸ்: வாக்கா, போவம்.

கலாராணி: இருடா.

சுரேஸ்: அக்கா... வேணாம். சொன்னா இன்னைக்கே மூட்ட கட்டணும்.

கலாராணி: அடுத்த மாசம் மழ. ஒன் பொண்ணும் அங்கதானே தூங்குது?

தனேஸ்வரன்: என்ன ரெண்டுபேரும் குசுகுசுக்கிறியள்? இன்னொரு பன்னியோ?

கலாராணி: கையெழுத்து வைக்காதீங்க சார். இந்தக் குழிய நாங்க ரெண்டாவதாத்தான் தோண்டினோம். மொதல்ல தோண்டினது என் காம்பராவுல, அடுப்படிக்குப் பின்னால. இடுப்பளவுகூடப் போகல... குத்துன இரும்பு அலவாங்கு கைய விட்டு உள்ள போயிருச்சு. நான் மூணு எண்ணினதுக்குப் பொறகுதான் தண்ணியில விழுந்த சத்தம் கேட்டுச்சு.