அரை அங்குலக் காற்று

சோளகக் காற்று மாலையில் சற்றுத் தணியும் என்பதைக் கோப்பாயில் தோட்டம் செய்கிற எவரும் அறிவர். ஆனால் அது முற்றாக நின்றுவிடுவதில்லை. வாழையிலையின் கிழிந்த ஓரங்கள் அசையும் அளவுக்கு மேற்கிலிருந்து ஒரு மெல்லிய காற்று வந்துகொண்டேயிருக்கும். இன்ஸ்பெக்டர் ஐயா அவர்களே, இந்தச் சிறு விடயத்தைத் தாங்கள் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாக்குமூலத்தை என் கையாலேயே எழுத அனுமதித்தமைக்கு முதற்கண் என் நன்றி. சார்ஜன்ட் அவர்கள் தாமே எழுதித் தருவதாக அன்போடு சொன்னார். அவருடைய திறமையில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் சில சொற்கள் தத்தம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சற்றுப் பிடிவாதம் உண்டு. நெடுங்காலமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒருவனிடம் இருக்கக்கூடிய குறை அது.

தாங்கள் தடுத்து வைத்திருக்கும் தியாகலிங்கம் அவர்கள் தம் மைத்துனர் அருளம்பலத்தைச் சுட்டார் என்பது உண்மை. அருளம்பலம் இறந்தார் என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளுக்கும் நடுவில் நான் இருக்கிறேன். அதை விளக்கவே வந்தேன்.

தியாகலிங்கம் அவர்கள் மலாயாவில் புகையிரதப் பகுதியில் கடமையாற்றிப் பென்சனோடு ஊர் திரும்பியவர். ஊரில் அவரைப் பென்சனியர் என்றே சொல்வார்கள். அவருடைய வீட்டின் மேற்கு அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அவருடைய மனைவி பராசக்தி அக்கா. அக்காவின் தம்பிதான் அருளம்பலம். இரு குடும்பத்துத் தோட்டங்களுக்கும் ஒரே பங்குக் கிணறு. தண்ணீர் இறைக்கும் மிசினை முறைவைத்து ஓட்டுவார்கள். முறை மீறிவிட்டது என்று ஒவ்வொரு கோடையிலும் சண்டை வரும்.

அந்தச் சண்டைக்கு ஒரு வழக்கம் இருந்தது. வெளியூரவராகிய தாங்கள் அதை நம்புவது கடினம் என்பதை உணர்கிறேன். பென்சனியரிடம் காகம் சுடுவதற்கென்று இங்கிலாந்தில் செய்த ஒரு சிறிய றைபிள் உண்டு. சண்டை முற்றியதும் அவர் அதை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருவார். அருளம்பலம் கிணற்றுக்கு அப்பால் வாழைகளின் முன்னே போய் நிற்பார். வாய்க்காலில் பெருவிரலைத் தோய்த்துத் தம் வெற்று மார்பின் நடுவில் சேற்றால் ஒரு பொட்டு வைப்பார்.

"அத்தார், இதிலை வையுங்கோ. போன முறை பனைமரத்துக்குத்தான் காயம்."

"ஆடாமல் அசையாமல் நில்லடா மச்சான். அசைஞ்சாத்தான் ஆபத்து."

பென்சனியர் அந்தச் சேற்றுப் பொட்டுக்கு நேரே குறிவைத்துச் சுடுவார். சன்னம் பனையிலோ பூவரச வேலியிலோ போய்ப் படும். எல்லோரும் சிரிப்பார்கள். பொழுதுபடுமுன் இருவரும் ஒன்றாக இருந்து தேநீர் குடிப்பார்கள். ஒருமுறை பென்சனியர் இரக்கப்பட்டு ஓரமாகக் குறிவைத்தாராம். சன்னம் அருளம்பலத்தின் காதுக்குப் பக்கத்தால் போய்விட்டது. அன்றிலிருந்து பாதுகாப்புக்காகவே அவர் நேராகக் குறிவைத்து வந்தார். வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் அதை அறிந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து நமசிவாயம் எப்பொழுதும் அருளம்பலத்தின் தோளோடு தோள் உரச நிற்பார்.

"அங்காலை நிண்டுதான் என்ன, கோயிலுக்குள்ளை நிண்டுதான் என்ன, பென்சனியற்றை சன்னம் தேடி வரும். அவர் குறிவைக்கிற ஆளோடை ஒட்டி நிண்டால்தான் உயிருக்கு உத்தரவாதம்."

ஒரு கருவியின் பிழையில் ஓர் ஊரே நம்பிக்கை வைத்திருந்தது, ஐயா. நான் அதை எவரிடமும் கண்டித்துப் பேசியதில்லை. எனக்கு அது சற்று உறுத்தலாக இருந்தது. அவ்வளவுதான்.

அருளம்பலத்தோடு எனக்கு எவ்விதப் பகையும் இருக்கவில்லை. இதைக் கோடிட்டுக் கொள்ளுங்கள். கிணற்றில் யார் எவ்வளவு தண்ணீர் எடுத்தார் என்பதைச் சண்டையின்றி அறிவதற்கு, சென்ற வருடம் நான் ஒரு மரக்கோலில் அங்குலக் கோடுகள் இழைத்து, எண்ணெய் பூசிக் கிணற்றுக்குள் இறக்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் அது காணாமற்போயிற்று. அருளம்பலம் அதைப் பிடுங்கிப் பாகற்கொடிக்கு நட்டிருந்தார். சங்கக்கடையில் சனம் நிறைந்திருந்த நேரம் அதைப் பற்றி அவரே பேசினார்.

"மாஸ்டர், உம்மடை கோல் வலு திறம். தண்ணியை அளக்கேல்லை, பாகல் மட்டும் சடைச்சுக் காய்ச்சிருக்கு. ரண்டு காய் தந்துவிடட்டோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொடி உண்மையிலேயே நன்றாகப் படர்ந்திருந்தது. அந்தக் கோலின் மேல்நுனியில் நான் இழைத்த முதல் நான்கு கோடுகளும் இலைகளுக்கு மேலே தெரிந்தன. பாடசாலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றைக் காண்பேன். நான் மனவருத்தப்படவில்லை.

றைபிளைப் பற்றிச் சொல்கிறேன். அது நல்ல றைபிள். பழுது தோட்டாவில் இருந்தது. இறக்குமதித் தடை வந்தபின் கடைத் தோட்டா கிடையாது. சுட்ட தோட்டாக்களின் வெற்றுக் கோதுகளைப் பொறுக்கி வைத்துப் பென்சனியர் தாமே அவற்றை நிரப்புவார். பழைய பற்றரித் தகடு, பற்பசைக் கூடு என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் உருக்கிச் சன்னம் வார்ப்பார். வேறொரு துவக்குக்குச் செய்த அச்சில் வார்த்ததால் சன்னம் குழாயைவிட மெலிந்திருந்தது. அது குழாய்க்குள் பிடிப்பின்றி ஆடிக்கொண்டே வெளியேறும். வெடிமருந்தை இருமல் மருந்துக் கரண்டியால் அள்ளிப் போடுவார். ஒரு கரண்டி குவிந்திருக்கும், மறு கரண்டி தட்டையாக இருக்கும். இப்படி நிரப்பிய தோட்டாவை மகா வீரன் சுட்டாலும் சேருமிடம் சேராது.

ஆடி மாதத்தில் அவர் பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் புறப்பட்டார். தோட்டாக்களை நிரப்பி வைக்கட்டுமா என்று நான்தான் கேட்டேன்.

"உமக்குப் பஞ்சியில்லாட்டி நிரப்பிவிடும் மாஸ்டர். காகம் வாழைக்குலை எல்லாத்தையும் கொத்திப் போட்டுது. ஆனால் கனக்க யோசியாதையும். கரண்டியாலை அள்ளிப் போட்டால் காணும்."

அந்த வீட்டில் இருந்த காலம் முழுவதும் அவர் சொல்லை நான் மீறிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

வல்வெட்டித்துறையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் வாங்கினேன். கலப்பில்லாத மென்மையான ஈயம். குழாயின் புரிகளை நன்றாகப் பற்றிக்கொள்ளும். அச்சைச் சிறிது சிறிதாக உரைத்துக் குழாய்க்குப் பொருந்தும் அளவுக்கு அகலமாக்கினேன். வார்த்த சன்னங்களைப் பாடசாலை ஆய்வுகூடத்துக் கண்ணாடிப் பெட்டித் தராசில் நிறுத்து, எடை வேறுபட்டவற்றை மீண்டும் உருக்கினேன். கோதுகளிலும் ஒரே வயதும் ஒரே நீளமும் உள்ளவற்றையே தெரிந்தெடுத்தேன். வெடிமருந்தை அதே தராசில் நிறுத்தேன். தராசு முள் அசைகிறபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டதை இப்பொழுது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

பின்பு, எண்ணெய் போட வேண்டும் என்று அக்காவிடம் சொல்லி றைபிளை வாங்கிக்கொண்டு, கல் அகழ்ந்த பழைய பள்ளத்துக்குப் போனேன். வேப்பம் பலகையில் சேற்றால் ஒரு பொட்டு வைத்தேன். வீட்டு வாசலிலிருந்து கிணற்றுக்கு அப்பாலுள்ள வாழைகள் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நின்றேன். சுட்ட ஐந்து துளைகளையும் ஓர் ஐம்பது சத நாணயக் குற்றியால் மூடிவிடலாம். அன்று நான் அடைந்த மகிழ்ச்சியை எவரோடும் பகிர்ந்துகொள்ள முடியவில்லை என்பது ஒரு குறைதான்.

கோதுகளைப் புளி போட்டு மினுக்கியிருந்தேன். தகரத்தில் அடுக்கியபோது அவை பொன்போல ஒளிர்ந்தன. அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விளக்குப் புகை காட்டி, சாம்பல் தடவி, பழையபடி மங்கலாக்கினேன். தற்பெருமை எனக்குப் பிடிக்காது.

பென்சனியர் கொழும்பிலிருந்து திரும்பிய மறுநாள், தாம் இல்லாதபோது தண்ணீர் முறை ஒழுங்காக நடந்ததா என்று என்னிடம் கேட்டார். அருளம்பலம் இரண்டு முறை மிசினைக் கூடுதலாக ஓட்டியிருந்தார். கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல என்னால் இயலாது. சொன்னேன்.

பின்னேரம் சண்டை தொடங்கியது. பென்சனியர் றைபிளை எடுத்தார். அடுப்படியிலிருந்து பராசக்தி அக்கா வெளியே வந்தார். இந்த விளையாட்டு அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் தம்பி. சுடும் நேரம் அவர் எப்பொழுதும் கண்களை மூடிக்கொள்வார்.

"மாஸ்டர், துவக்குப் பழையபடிதானே?"

"ஓம் அக்கா. எண்ணெய் மட்டும் போட்டனான்."

றைபிளுக்கு நான் எண்ணெய் மட்டுமே போட்டிருந்தேன், ஐயா. அக்கா தோட்டாவைப் பற்றிக் கேட்கவில்லை.

நான் தடுத்திருக்கலாமே என்று தாங்கள் நினைப்பீர்கள். நியாயமான எண்ணம். ஆனால் பென்சனியரிடம் சொல்லியிருந்தால் அவர் ஓரமாகக் குறிவைத்திருப்பார், எதுவும் நிரூபணமாகியிராது. காகத்துக்குச் சுட்டிருந்தால் காகம் பறந்திருக்கும். அசையாமல் நின்றது அருளம்பலம் ஒருவரே.

அவர் பெருவிரலைத் தோய்த்தார். பொட்டை வைத்தார். நமசிவாயம் ஓடிவந்து தோளோடு ஒட்டி நின்றார். அருளம்பலம் என்னையும் கண்டுவிட்டார்.

"மாஸ்டர், உங்கை தூரத்திலை நில்லாதையும். பனைக்குக் கிட்ட நிக்கிறீர், கவனம். இஞ்சாலை வாரும், இதுதான் பயமில்லாமல் வாங்கு போட்டு இருக்கிற இடம்."

எனக்காகக் கவலைப்பட்ட அந்தப் பண்பை நான் இன்றும் மதிக்கிறேன்.

வெடித்த பிறகு பென்சனியர் வழக்கம்போல் றைபிளைத் தாழ்த்திச் சிரித்தார். அருளம்பலம் இருந்தாற்போல் வாய்க்காலுக்குள் அமர்ந்து, பின் சாய்ந்தார். நமசிவாயமும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

"காணுமடா மச்சான் நடிப்பு. எழும்பு. அக்கா தேத்தண்ணி வைச்சிட்டாள். எழும்பன்."

பென்சனியர் அதைப் பல தடவை சொன்னார். கடைசித் தடவை கிணற்றைச் சுற்றி ஓடிக்கொண்டே சொன்னார். பராசக்தி அக்கா கண்களைத் திறந்தார். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், ஏனென்று தெரியவில்லை. நமசிவாயத்தின் தோளில் ஒரு கீறல்கூட இல்லை என்பதைத் தாங்களும் நேரில் கண்டீர்கள்.

அதன்பின் நடந்தவற்றைத் தாங்கள் அறிவீர்கள். "நான் ஒவ்வொரு வருசமும் அவனுக்கு நேரைதான் குறிவைக்கிறனான், அதாலைதான் அவன் உயிரோடை இருந்தவன்" என்று பென்சனியர் தங்களிடம் சொன்னார். அது முழு உண்மை. எழுத்தில் அது கொலைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நிற்கிறது. அவருக்குத் தூக்கு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தோட்டாவை நிரப்பியவன் நான் என்பதை அவர் இன்றுவரை சொல்லவில்லை. "மாஸ்டரை உதுக்குள்ளை இழுக்காதை" என்று அக்காவிடம் சொன்னாராம். அவர் மறியலில் இருக்கும் இந்த மூன்று மாதமும் நான் பாடசாலைக்குப் போய்வந்தேன். கேளாத கேள்விக்குப் பதில் சொல்வது மரியாதையன்று என்று கருதினேன். அக்காவும் மறியற்சாலைக்குப் போய்வந்த நாட்களில்கூட எனக்குத் தேநீர் தர மறந்ததில்லை.

நேற்று அவர் தேநீரோடு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. பென்சனியருக்காக வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாராம்.

"தோட்டா சரியாய் நிரப்பாததாலை சன்னம் தவறிப்போய்ப் பட்டுட்டுதெண்டு சொல்லப்போயினம். அப்பிடியெண்டால் தூக்கு இல்லையாம் மாஸ்டர், வீட்டையும் விட்டிடுவினமாம். நீங்கள் ஒருக்கால் வந்து, கண்டபடி கரண்டியாலை அள்ளிப் போட்டனானெண்டு ஒரு வார்த்தை சொன்னாக் காணும். தம்பியும் போயிட்டான். இவரையாவது எனக்குத் தாங்கோ."

அவர் கைகூப்பினார். வயதில் மூத்தவர் கைகூப்புவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இரவெல்லாம் யோசித்தேன். சத்தியப்பிரமாணம் செய்து பொய் சொல்வது முறையாகுமா? ஒரு நிரபராதி பொய்யின் தயவில் வெளியே வருவது அவருக்குக் கௌரவமா? ஆகவே விடிந்ததும் நானாகவே தங்களிடம் வந்தேன். வரும் வழியில் அக்கா படலையில் நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். படலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லப்போவதைக் கேட்டால், இருவரும் சேர்ந்தே செய்தோம் என்று அரசாங்க வழக்கறிஞர் வாதாடுவார், தூக்கிலிருந்து தம் கணவரை மீட்கவே முடியாது என்று அழுதார். அப்படியும் நடக்கலாம். அதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. உண்மையைச் சொல்வது மட்டுமே என் பொறுப்பு.

மீதமுள்ள தோட்டாக்களை இந்தத் தகரத்தில் கொண்டுவந்திருக்கிறேன். அவற்றைப் பரீட்சிக்கும்போது றைபிளை ஒரு மேசைமேல் அசையாமல் ஊன்றிச் சுடுமாறும், காற்றில்லாத காலை நேரத்தைத் தெரிவுசெய்யுமாறும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். புகையைத் துடைத்து, மறுபடி புளி போட்டு மினுக்கியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு திருத்தம். மரண விசாரணையில் வாசித்த வைத்தியர் அறிக்கையில், காயம் சேற்றுப் பொட்டிலிருந்து அரை அங்குலம் வலப்புறமாகத் தவறியிருப்பதாக எழுதப்பட்டிருக்கிறது. பென்சனியர் தெற்கு நோக்கி நின்று சுட்டார். அருளம்பலத்தின் வலப்புறம் கிழக்கு. சோளகம் மேற்கிலிருந்து வருவது. 'தவறி' என்ற சொல்லைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள், ஐயா. அந்த அரை அங்குலம் காற்றினுடையது, என்னுடையதன்று.