மிளகுப் பால்

மிளகுப் பாலை ஆற்றுவதற்கு ஒரு கைப்பழக்கம் வேண்டும், சாமி. உயரத் தூக்கி ஆற்றினால் நுரை கட்டும். தூக்காமல் விட்டால் ஏடு படியும். என் மகள் ஜெசிந்தாவுக்கு ஏடு பிடிக்காது. அதனால் இரண்டு வருஷத்துக்கு மேலாக நானே ஆற்றிக் கொடுத்துவருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னை நிறுத்தினீர்கள். இத்தாலியிலிருந்து மேடம் எலனோரா கடிதம் போட்டிருக்கிறார், ஜெசிந்தாவை மதராஸில் தொண்டை டாக்டரிடம் காட்டச் சொல்கிறார், வெள்ளிக்கிழமை கார் வரும் என்றீர்கள். கார் வேண்டாம். ஏன் வேண்டாம் என்று எழுத்தில் தெரிவிப்பதுதான் மரியாதை. இதைப் பாவசங்கீர்த்தனமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குச் செய்ததை நினைத்து வருந்தும் மனஸ்தாபம் இருக்க வேண்டும். போதாததற்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே கீர்த்தனம் என்று ஒரு பாட்டு இருக்கிறது. எனக்குப் பாட்டு ஆகாது.

என் தாயின் பெயர் வேண்டா. திருப்போரூர்ப் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் நிலத்தில் கூலி வேலை. அந்த வீட்டில் சாவு விழுந்தால் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரி பாட வேண்டும். அதற்கு நெல் அளப்பார்கள். எனக்கு ஒன்பது வயதில் என் தங்கை ஜுரத்தில் இறந்தாள். அதே காலையில் மிராசுதாரின் தாயாரும் இறந்தார். ஆள் வந்து கூப்பிட்டது. அம்மா குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டுப் போனாள். பொழுது சாயும்போது மடியில் நெல்லோடு திரும்பி, தங்கையின் தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. தொண்டையை அங்கேயே செலவழித்துவிட்டு வந்திருந்தாள். தங்கையை ஒப்பாரி இல்லாமல் புதைத்தோம்.

என் வீட்டுப் பெண் எவளும் இனிக் கூலிக்கு வாய் திறக்கக் கூடாது என்று அன்று தீர்மானித்தேன். பிறகு ஞானஸ்நானம், மிஷன் பள்ளிக்கூடம், செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பார்சல் கிளார்க் உத்தியோகம். இந்தச் சின்னையன் கையில் முத்திரை உடைந்த பார்சல் ஒன்றுகூட வெளியே போனதில்லை என்பார்கள். வீட்டில் யாரும் 'இன்னா' என்று பேசக் கூடாது, 'என்ன' என்றுதான் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். என் தாய் செய்த வேலையைப் பற்றி என் மனைவி மேரியைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

ஜெசிந்தா கோயிலில் பாடுவதை நான் தடுக்கவில்லை. அது ஆண்டவர் வீடு, கூலி கிடையாது. எழுபத்துநாலாம் வருஷத்து ஈஸ்டர் பாஸ்கா பூசைக்கு மேடம் எலனோரா வந்திருந்தார். அவர் இத்தாலியில் ஓபரா பாடியவர். ஆஸ்துமாவுக்குக் கடற்காற்று நல்லது என்று மாமல்லபுரத்தில் வீடு எடுத்துத் தங்கியிருந்தார். இந்தக் குரல் ஆயிரத்தில் ஒன்று, சனிக்கிழமைதோறும் அனுப்புங்கள், நான் கற்றுத் தருகிறேன் என்று கேட்டார். ஓபரா என்றால் என்ன என்று விசாரித்தேன். நம் ஊர்க் கூத்து மாதிரிதான், ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டிலேயே நடக்கும் கதை என்றார். படித்த பெண்மணி. சம்மதித்தேன். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போவேன்.

பாடம் முடிந்ததும் மேடம் கதை சொல்வார். இசை அமைத்தவர்கள் தையற்காரர்களைப் போல, இன்ன தொண்டைக்கு என்று அளவெடுத்து எழுதினார்களாம். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ரோமில் பெண்கள் மேடை ஏறத் தடை இருந்ததாம். அதனால் நன்றாகப் பாடும் ஏழைப் பையன்களை, குரல் உடைவதற்கு முன்னால், மாட்டுக்குச் செய்வதுபோலக் காயடித்துவிடுவார்களாம். அவர்களில் சிலருக்காக ராஜாக்கள் காத்திருந்தார்கள். பலருக்குக் குரலும் வரவில்லை, வாழ்வும் வரவில்லை. அந்தப் பையன்களை யார் கூட்டிக்கொண்டு போய் விட்டது என்று கேட்டேன். பெரும்பாலும் தகப்பன்மார்தான் என்றார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, கடலைப் பார்த்த வராந்தாவில் ஜெசிந்தா புதுப் பாட்டு ஒன்று பாடினாள். நோய் கண்ட ஒருத்தி சாகும்போது பாடுவது. பாஷை புரியவில்லை. ஆனால் குரல் ஏறி, உடைந்து, இறங்குகிற விதம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. மீன் கொண்டுவந்த முனியம்மா கூடையோடு வாசலில் நின்றுவிட்டாள். சமையல் செய்யும் சந்திரம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "யக்கா, யாரு வூட்டு சாவு? இந்தப் பொண்ணு இன்னாமா ஒப்பாரி வெச்சுகினு கீது."

"சாவு இல்லடி, பாட்டு. தொரசாணி சொல்லிக் குடுத்தது."

"பாட்டோ இன்னாவோ, எனக்கு ஒப்பாரிதான். எங்க மாமியா இழுத்துகினு கீது. கூப்ட்டா வருமா? நெல்லுக்கு எங்க போவேன், மீனுதான் தருவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். மேடத்துக்கு மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அவரும் சிரித்துவிட்டு, தான் இருபது வருஷம் வாரத்துக்கு மூன்று முறை மேடையில் செத்ததாகவும், ஒவ்வொரு சாவுக்கும் கூலி வாங்கியதாகவும் சொன்னார். அதோடு, இத்தாலியில் ஒரு சங்கீதப் பள்ளியில் ஜெசிந்தாவுக்கு இடம் கிடைத்திருப்பதாகச் சொல்லித் தகப்பன் சம்மதக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பாஸ்கா முடிந்து பயணம்.

வீட்டுக்கு வந்து, போக வேண்டாம் என்றேன். ஜெசிந்தா என் எதிரே நிமிர்ந்து நின்றாள். அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

"ஆயா செத்தவங்களுக்காகப் பாடிச்சு. நான் சாவறவளா நின்னு பாடப்போறேன். இதுல இன்னாப்பா அவமானம்?"

என் தாயின் வேலையைப் பற்றி மேரி சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. 'இன்னா' என்ற சொல்லையும் கவனித்தேன். நான் கோபப்படவில்லை. மறுநாள் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். பெண்ணின் வாய்ப்பைக் கெடுத்த தகப்பன் என்ற பேச்சு எங்கள் குடும்பத்துக்கு வரக் கூடாது.

பார்சல் ஆபீசில் எத்தனையோ நாடகக் கம்பெனிப் பெட்டிகளை இறக்கியிருக்கிறேன். ஒரு முறை ஆர்மோனியக்காரர் ஒருவர் பெட்டிக்குக் காத்திருந்தபோது, தங்கள் ராஜபார்ட் ஏன் பாடுவதை விட்டார் என்று சொன்னார். யாரோ வெற்றிலையில் செந்தூரம் வைத்துக் கொடுத்துவிட்டார்களாம். குரல் கட்டிவிடும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்றார். தொழில் தெரிந்தவர் சொன்னது.

தவக்காலம் பிறக்கும் விபூதிப் புதன் அன்று பால் ஆற்றத் தொடங்கினேன். பாடுகிற தொண்டைக்கு மிளகுப் பால் நல்லது என்று மேடமே சொல்லியிருந்தார். "இன்னா அதிசயம், ஐயா பாலு ஆத்தறாரு" என்று மேரி வாயில் கைவைத்துச் சிரித்தாள். ஜெசிந்தா கண் கலங்கினாள். அப்பா மனம் மாறிவிட்டார் என்று நினைத்திருப்பாள். தவக்காலத்தின் நாற்பது நாளும் ஒரு நாள் தவறவில்லை. மூன்றாம் வாரம் குரல் கம்மியது. வயிறு வலிக்கிறது என்றாள். தவக்காலத்தில் வயிறு வலிப்பது சகஜம். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதையில் அவள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. என் தாய் நினைவுக்கு வந்தாள்.

வெள்ளைக்காரி கத்தவைத்துத் தொண்டையைக் கிழித்துவிட்டாள் என்று ஊர் பேசியது. மேரியும் அதையே நம்புகிறாள். நான் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மேடம் அழுதுகொண்டே ஊர் திரும்பினார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறார். மன்னித்துவிட்டதாக நானும் பதில் எழுதுகிறேன். அவர் சொன்ன அந்தத் தகப்பன்மாரைப் பற்றி அடிக்கடி யோசிப்பதுண்டு. அவர்கள் ஒரு குரலுக்காகப் பிள்ளையை அறுத்தார்கள். நான் பிள்ளைக்காகக் குரலை எடுத்தேன். இதில் யார் பாவி என்பதை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

மதராஸ் டாக்டர் அவள் ஈறில் ஓடும் நீலக் கோட்டைப் பார்ப்பார். தொங்கிப்போன மணிக்கட்டைப் பார்ப்பார். ஈய விஷம் அது இது என்று ஏதாவது எழுதிவைப்பார். அது குடும்பத்துக்கு அழகல்ல. இடையில் நிறுத்தினால் குரல் திரும்பினாலும் திரும்பும் என்று ஆர்மோனியக்காரர் சொல்லியிருந்தார். ஆகவே நான் இன்னும் நிறுத்தவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். நீங்கள் கார் அனுப்புவதாகச் சொன்ன கிழமையும் அதுவே.

அவளால் தம்ளரைப் பிடிக்க முடிவதில்லை. நான்தான் வாயருகே பிடிக்கிறேன். போன மாதம் சரியாகக் கலக்கவில்லை போலிருக்கிறது, அடியில் கொஞ்சம் சிவப்புத் தங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கடைசி மிடறு வரை குடித்தாள். பெற்றவன் மேல் அவ்வளவு மரியாதை, சாமி. இந்த இரண்டு வருஷத்தில் என்னை எதிர்த்து அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.