மூணு தடவை கழுவணும்

எறும்பு இல்ல டீச்சர். எறும்புக்குக் கண்ணு இருக்கே. நல்லா யோசிங்க. கண்ணு இல்ல, மூக்கு இல்ல, மூளை அறவே இல்ல. ஆனா சக்கரை எங்க இருக்குன்னு தேடிப் போயிரும். என்னன்னு சொல்லுங்க பாப்போம்.

தோத்தாச்சா? பாக்டீரியா.

ஃபாரத்துக்குத்தான் வரேன், கொஞ்சம் பொறுங்க. என் பொண்ணு அறிவியல் கண்காட்சிக்கு எடுத்திருக்கறது இதைத்தானே.

அதோட உடம்பு மேல ஏற்பின்னு பொடிப்பொடியா இருக்கும். சக்கரை வந்து அதுல ஒட்டினா உள்ள சேதி போகும். முந்தின நொடியைவிட இப்ப கூடுதலா ஒட்டுதா, வாலைச் சுத்திக்கிட்டு நேரா போகும். கொறையுதா, ஒரு குட்டிக்கரணம். மூஞ்சி எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் மறுபடி நீச்சல். சில மனுஷங்களுக்கு இந்தளவுகூடப் புத்தி கெடையாது, சிரிக்காதீங்க. ஆனா ஒண்ணு, சுத்தி எப்பவும் ஒரே அளவா இருந்தா ஏற்பி பழகிப்போயிரும். இருக்கறதே அதுக்குத் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியுமா? பதினாறு வருஷமா ஆராய்ச்சிக்கூடத்துல டெக்னீஷியன் டீச்சர். பாக்டீரியாவுக்குச் சாப்பாடு காய்ச்சறது, தட்டுல ஊத்தறது, கழுவறது எல்லாம் நான்தான். என் தங்கச்சி அங்கயே ஆராய்ச்சி பண்றா. ஒரு வகை பாக்டீரியாவை வெச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் மண்டையை ஒடைச்சா. பக்கத்துல ஒரு அமினோ அமிலத்தை வெச்சா, சக்கரை மாதிரி அதுவும் தீனிதான், தேடிப் போகணும், போகல. ஏற்பியே கெட்டுப்போச்சுன்னு முடிவு கட்டிட்டா.

நான்தான் சொன்னேன். அடியே, நான் காய்ச்சற கஞ்சியிலயே அந்த அமிலம் இருக்குடி, அதுலயே ஊறிக் கெடக்கறதுக்கு எப்படித் தெரியும்? பாக்டீரியாவை ஒரு தடவை கழுவினாப் பத்தாது. மூணு தடவை உப்புத் தண்ணியில கழுவி, அரை மணி நேரம் பட்டினி போட்டு விடுன்னேன். விட்டோம். அப்படியே போய் மொய்ச்சிருச்சு. ரெண்டு பேரும் கையைக் கோத்துக்கிட்டுக் குதிச்சோம், சின்னப் புள்ளைங்க மாதிரி.

அவளோட ஆராய்ச்சிக் கட்டுரை வந்துச்சு. மூணு தடவை, உப்புத் தண்ணி, அரை மணி நேரம், எல்லாம் இருக்கு. அவ பேர் இருக்கு. என் பேரைத் தேடினேன். கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல. பாத்திரங்கள் கழுவி உதவியவர்னு நன்றி போட்டிருந்தா.

கேட்காம இருப்பேனா? டெக்னீஷியன் பேரெல்லாம் போடற வழக்கம் இல்லக்கான்னா. என் வீட்டு மேசையில, நான் போட்ட டீயைக் குடிச்சுக்கிட்டே. திருடனுக்குக் கதவைச் சாத்தலாம், கூடப் பொறந்தவளுக்கு?

ஆமா, ஃபாரம். மறந்துட்டேன்னு ரெண்டு வாரமா உங்ககிட்ட சொன்னது பொய் டீச்சர். வழிகாட்டி பேர்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதான் காலியாக் கெடந்துச்சு. நடுவருங்க அதையும் பாப்பாங்க, ஆராய்ச்சி பண்றவங்க பேரா இருந்தா மதிப்பு கூடும்னு வகுப்புல சொன்னீங்களாமே. என் பொண்ணு சோதனையெல்லாம் என்கிட்டதான் கத்துக்கிட்டா, லீவு நாள்ல பக்கத்துல நின்னு.

நேத்து அவளை உக்கார வெச்சேன். கட்டுரையை முன்னால விரிச்சு நடந்ததெல்லாம் சொன்னேன். அழுதா. உன் பக்கம் தப்பே இல்லம்மான்னா. சரி, யார் பேருன்னு நீயே எழுதுன்னு பேனாவைக் கொடுத்தேன்.

இந்தாங்க. என் கையெழுத்து கீழ இருக்கு. சித்தி பேரை எழுதியிருக்கா.