நட்டை முறுக்கும் முன்

எனக்கு மதியச் சோறு சரியாக ஒரு மணிக்கு வேண்டும், சார். பதினாறு வருடமாக என் தங்கை லோகாம்பாள் அதைத் தவறவிட்டதில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் என் ஒர்க்‌ஷாப்புக்குத் தூக்குச்சட்டியோடு வருவாள். பிரேக் வேலை இருந்தால் வண்டியில் ஏறி உட்கார்ந்து பெடலும் மிதித்துத் தருவாள்.

பிரேக்கில் காற்று எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து நட்டைத் தளர்த்த வேண்டும். காற்றும் எண்ணெயும் சிறு குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் வரும். நட்டை முறுக்கிய பிறகுதான் ‘விடு’ என்று சொல்ல வேண்டும். முன்னாலேயே காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போய்விடும். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. லோகாம்பாளுக்கு இதெல்லாம் அத்துப்படி.

டாக்சிக்கார நாணு, அவள் அப்படிப் பெடல் மிதித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளை முதலில் பார்த்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். பழைய அம்பாசடர் வைத்திருந்தான். தினமும் அதை வண்டி ஏற்றும் ஜங்கார் படகில் ஏற்றி வைப்பின் தீவுக்குப் போய் வருவான். எழுபத்தொன்பது ஜூனில், மழை தொடங்கிய சமயம், என்னிடம் வந்தான்.

“செல்லப்பா சேட்டா, லோகாம்பாளை எனக்குக் கெட்டித் தரணும். கல்யாணம் கழிஞ்சா ஏலூர்ல வீடெடுத்து தாமசிக்கலாம்னு இருக்கோம்.”

இருக்கோம் என்றான், சார். இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். ஏலூர் கம்பெனிப் புகை அவள் நெஞ்சுக்கு ஆகாதே என்றுதான் கவலைப்பட்டேன். நான் செய்ததெல்லாம் அவள் நன்மைக்குத்தான்.

அடுத்த வாரம் பிரேக் பார்க்க வண்டியைக் கொண்டுவந்தான். காலை நேரம், லோகாம்பாள் வீட்டில் இருந்தாள். “நீயே பெடலைச் சவிட்டு” என்றேன். நான்கு சக்கரத்திலும் குழாயைப் பாட்டிலில் போடாமல் வெளியே விட்டேன். நட்டை முறுக்கும் முன்பே ‘விடு’ என்றேன். சொன்னபடி காலை எடுத்தான். காற்றை உள்ளே இழுத்தது அவன் கால்தான், என் கை இல்லை.

“எந்தா சேட்டா, பெடல் தாழப் போகுது?”

“புது எண்ணெய் அப்படித்தான். ரெண்டு மூணு தரம் சவிட்டினா பிடிக்கும். நாளைக்குச் சரியாயிடும்.”

ஹேண்ட்பிரேக் கம்பி அறுந்திருந்தது. அது சாவகாசமாகப் பார்க்கலாம் என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

ஜங்கார்த் துறையின் சரிவு மழையில் வழுக்கும். இரண்டு மூன்று தரம் மிதிக்க அங்கே அவகாசம் இல்லை. அன்றைக்கே வண்டி நேராகக் காயல் தண்ணீருக்குள் போய்விட்டது. மழைக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தான், கதவைத் திறக்க முடியவில்லை. ஊரெல்லாம் மழையைத்தான் குறை சொன்னது.

மறுநாள் லோகாம்பாள் ஒர்க்‌ஷாப்பைப் பெருக்க வந்தாள். தரையில் நான்கு இடத்தில் எண்ணெய் சிந்தியிருந்தது. பாட்டில் காய்ந்து கிடந்தது. அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு மரத்தூள் போட்டு எண்ணெயை அள்ளினாள்.

பெடலுக்கும் திரும்ப வந்தாள். ஆனால் நான் ‘விடு’ என்றால் இப்போதெல்லாம் உடனே காலை எடுப்பதில்லை. “நட்டு முறுக்கியாச்சா அண்ணே?” என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள். துக்கத்திலும் வேலையில் எவ்வளவு அக்கறை பாருங்கள்.

இந்த ஸ்டேஷனில் என் மேல் புகார் எழுதிக் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள், சார்? மணி பன்னிரண்டே முக்கால். கொஞ்சம் பொறுங்கள், ஒரு மணிக்குச் சோறு கொண்டுவருவாள்.