கோடாலிக்காம்பு

தேநீரில் சர்க்கரை அளவாக இருக்கிறது, ஐயா. மற்ற இடங்களில் கொட்டிவிடுவார்கள்.

அந்தப் பட்டப்பெயரைக் கேட்டீர்கள். கட்டடத்தில் எல்லோரும் என்னை அப்படித்தான் சொன்னார்கள். நேருக்கு நேராக இல்லை. நான் படியேறும்போது கதவுக்குப் பின்னால் நின்று, "வருது பாரு கோடாலிக்காம்பு" என்பார்கள். நான் கண்டுகொண்டதில்லை. முதலாளிக்குக் கட்டடம் காலியாக வேண்டும், இடித்துப் புதிதாகக் கட்ட. யாரையும் மிரட்டு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "நீ பாத்துக்கோ" என்பார், அவ்வளவுதான். நானும் பார்த்துக்கொண்டேன். லிஃப்ட்டை நிறுத்தினேன். தண்ணீரை மூடினேன். கைக்குழந்தைக்காரி ஒருத்தி அழுதாள். அழுதுகொண்டிருந்தால் மூட்டை கட்ட நேரமாகும் என்று பக்குவமாகத்தான் சொன்னேன்.

கடைசியில் மூன்றாம் மாடியில் ஒருத்திதான் மிச்சம். என் அக்கா.

அந்த வீட்டைப் பிடித்துக் கொடுத்தவனே நான்தான். அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தபிறகு படியோரமாக இரும்புக் கைப்பிடி போட்டுக் கொடுத்ததும் நான்தான். கைப்பிடிக்கு அந்தப் பக்கம் கீழ்த்தளம் வரை வெறும் பள்ளம். அக்கா இடது காலை ஊன்றமாட்டாள். உடம்புப் பாரம் முழுவதையும் கைப்பிடிமேல் போட்டுத்தான் இறங்குவாள்.

"ஊரையே கெளப்பிட்டே. சொந்த அக்கான்னா மட்டும் கை நடுங்குதோ?" என்று முதலாளி சிரித்தார். என் கை நடுங்கியதே இல்லை. இந்தக் கோப்பையைப் பாருங்கள்.

போய்ப் பேசினேன்.

"சாவியைக் குடுத்துடுக்கா."

"உன்னை ஏன்டா கோடாலிக்காம்புங்கறாங்க, தெரியுமா?"

"ஈவிரக்கம் இல்லாதவன்னு."

"அவ்வளவுதான் வெளங்குச்சா உனக்கு? வெறும் இரும்பால ஒரு மரத்தையும் சாய்க்க முடியாதுடா. உள்ள செருகிக்க ஒரு கட்டை வேணும். அந்தக் கட்டையும் ஒரு மரத்துல வந்ததுதான். உன் மொதலாளி இரும்பு, அவனை நான் ஏன் வையணும்? நீ எங்க பக்கத்துக் கட்டை. வேலை முடிஞ்சதும் அவன் உன்னைத் தூக்கி அடுப்புல வைப்பான், போ."

கதவு அறைந்து சாத்தப்பட்டது. நியாயமான பேச்சுதான். எனக்குக் கோபமே வரவில்லை.

மறுநாள் காலை கைப்பிடியின் திருகாணிகளைக் கழற்றினேன். கைப்பிடியையே எடுத்திருக்கலாம். ஆனால் அது இல்லையென்று கண்டால் அவள் இறங்கமாட்டாள். அதனால் இருந்த இடத்திலேயே நிறுத்தி, பசை வைத்து லேசாக ஒட்டினேன். பார்க்க எப்போதும்போல் இருந்தது. எதைச் செய்தாலும் எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

பிறகு கீழே வந்து குழாயைத் திறந்துவிட்டேன். "அக்கா, கீழ்க் குழாயில தண்ணி வந்துடுச்சு!" என்று குரல் கொடுத்தேன். அவள் வாளியோடு படி முனைக்கு வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்லையே. கட்டையிலயும் கொஞ்சம் ஈரம் இருக்கு."

அக்காவைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். முதலாளியை இதில் இழுக்க வேண்டாம். அவர் பாத்துக்கோ என்று மட்டும்தான் சொன்னார். ஆனால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் முதல் படியில் கால் வைத்தபோது, ஒரு கையில் வாளி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கீழேயிருந்து நான் சொன்னேன், ஐயா:

"நல்லாப் புடிச்சுக்கிட்டு எறங்குக்கா."