காற்றுத் துளைகள்

காபிக்குச் சர்க்கரை போதாவிட்டால் சொல்லுங்கள். வனஜா அரைக் கரண்டிக்கு மேல் போட விடமாட்டாள். அண்ணனும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மான்ட்ரியலிலிருந்து இந்தப் பனியில் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள், மெதுவாகக் குடியுங்கள். அவள் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். புடவைகளுக்கு நடுவில் நாப்தலின் உருண்டை போட்டிருக்கிறேன்.

வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே ஒன்று கேட்டீர்கள், அழகேசன். கடைசி நேரத்தில் உங்கள் தங்கை வனஜாவின் பக்கத்தில் யாராவது இருந்தார்களா என்று. துக்கம் கேட்க வந்த வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. போலீஸ்கூடக் கேட்கவில்லை. நான் இருந்தேன். ஆனால் அதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

என் கணவர் இங்கே பல்கலைக்கழகத்தில் ஜியாலஜி சொல்லிக்கொடுக்கிறார். துருக்கியில் பாறையைக் குடைந்து பூமிக்கு அடியில் கட்டிய நகரங்கள் இருக்கின்றன. படை வருகிறது என்று தெரிந்தால் ஊரே ஆடு மாடுகளோடு கீழே இறங்கி ஒளிந்துகொள்ளுமாம். தொழுவம், அதற்குக் கீழே சமையலறை, அதற்கும் கீழே கோயில், கிணறு. வழியை அடைக்க ஒரு பெரிய வட்டக் கல். உள்ளே இருப்பவர்களால்தான் அதை உருட்ட முடியும். கல்யாணமான புதிதில், திருச்சியில், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இதையெல்லாம் எனக்குச் சொன்னார். “வெளியே நிக்கிறவனுக்கு அது கதவே இல்ல, நாகு. வெறும் பாறை.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கியதும் பேஸ்மென்டில் அந்த நகரத்தைச் சின்ன மாதிரியாகச் செய்ய ஆரம்பித்தோம். அவர் வரைந்து தருவார், நான் செதுக்குவேன். பிளாஸ்டரை என் இட்லிப் பானையில்தான் கரைத்தேன். காய் நறுக்கும் கத்தியால் படிகள் வெட்டினேன். மேலிருந்து கீழ்வரை போகும் காற்றுத் துளைகளை ஸ்வெட்டர் பின்னும் ஊசியால் குத்தினேன். இந்தத் தெருவில் தமிழ் பேச ஆள் கிடையாது. குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அந்த நகரம் போதுமானதாக இருந்தது.

பிறகு உங்கள் தங்கை மேல்படிப்புக்கு வந்தாள். அவருடைய மாணவி. தமிழ்ப் பெண், தனியாக எங்கே போவாள் என்று கீழே இருந்த அறையைக் கொடுத்தோம். நான்தான் கொடுக்கச் சொன்னேன். கலகலப்பான பெண். வந்த வாரமே நகரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், இவ்வளவு சின்ன ஓட்டையில மூச்சு விட்டா எறும்புதான் பொழைக்கும்” என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் ஓர் அரத்தை எடுத்து நான் குத்திய துளைகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். “இப்பதான் அளவு சரியா இருக்கு” என்றார். அதற்கு முன் ஒருநாளும் அளவு சரியில்லை என்று அவர் என்னிடம் சொன்னதில்லை.

ஒரு சாயங்காலம் இரண்டு பேருக்கும் காபி எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். “வெளியே நிக்கிறவனுக்கு அது கதவே இல்ல, வனஜா. வெறும் பாறை.” அதே சொற்கள். அதே நிறுத்தம். காபியைத் திரும்ப மேலே எடுத்து வந்து ஸிங்கில் ஊற்றினேன்.

தவறாக எதுவும் நடக்கவில்லை. அதை நான் உங்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியும். அவர் அவள் விரலைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். தொட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வருகிற கோடையில் துருக்கிக்குப் போகிறார். கூட ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகலாம் என்று டிபார்ட்மென்டில் சொல்லிவிட்டார்கள். சாப்பிடும்போது, யார் வருகிறார்கள் என்று கேட்டேன். “வனஜாவுக்கு அளவெடுக்கத் தெரியும். பார்ப்போம்” என்றார். பார்ப்போம் என்றால் முடிவு செய்தாயிற்று என்று அர்த்தம். அவரோடு குடித்தனம் செய்கிறவளுக்கு இது தெரியாதா?

தோசை வார்த்துக்கொண்டே இன்னொன்றும் கேட்டேன். “கீழே அடுப்பு எரிப்பாங்களே, மூச்சு முட்டாதா?”

“அதுக்குத்தானே காத்துத் துளை? அதை எவனாவது கண்டுபிடிச்சு மேலேயிருந்து அடைச்சுட்டான்னா, எத்தனை கல்லுக் கதவு இருந்தும் பிரயோஜனமில்ல” என்றார். என் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் என்னைப் பார்த்துப் பேசினார்.

அந்த வெள்ளிக்கிழமை வனஜாவுக்குச் சளி. அவர் வேலைக்குப் போயிருந்தார். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று சொன்னதும் குழந்தை மாதிரி வந்து உட்கார்ந்தாள். எவ்வளவு முடி உங்கள் தங்கைக்கு. “அக்கா, உங்க கை பட்டாலே தூக்கம் வருது” என்றாள். “தூங்கேன், யார் வேண்டாம்னா” என்றேன். வெந்நீரில் தலைக்கு ஊற்றிவிட்டேன். இந்தக் குளிரில் அந்த முடி எப்போது காயும்? நம் வீடுகளில் என்ன செய்வோம்? சாம்பிராணிதான். தோட்டத்தில் இறைச்சி வாட்டுகிற சின்ன இரும்பு அடுப்பில் கரி மூட்டிக் கீழே கொண்டுபோனேன். பனிக்காக ஜன்னலில் முன்பே பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அவள் படுத்துக்கொண்டாள். கூந்தலைக் கட்டிலுக்கு வெளியே விரித்துவிட்டு, போர்வையை இழுத்துவிட்டேன். சூடு போகக்கூடாது என்று கதவுக்கு அடியில் ஒரு துண்டைச் செருகினேன். வெளிப்பக்கமிருந்து.

பிறகு படியில் உட்கார்ந்துகொண்டேன். கதவைப் பூட்டவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவள் எழுந்து வந்திருக்கலாம்.

ஒரு தடவை, “அக்கா, தலை சுத்துது” என்றாள்.

“இதோ வரேம்மா” என்றேன்.

பொய் சொல்லவில்லை. போனேன். சத்தம் அடங்கியபிறகு போனேன். முதலில் துண்டை எடுத்துக் கொடியில் போட்டேன்.

வந்த போலீஸ்காரர் நல்ல மனிதர். இந்த வீடுகளில் உள்ளே கரி மூட்டக்கூடாது, விஷவாயு சேர்ந்துவிடும், உங்கள் ஊர்ப் பழக்கம், பாவம், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். நான் திருச்சியில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். அதை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆக, அவள் தனியாக இல்லை. நடுவில் ஒரு கதவுதான். பொறாமையில் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவளிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது? என் இடத்தை நான் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

போலீஸ் வந்துபோன அன்று ராத்திரி இவர் கீழே நகரத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதார். துருக்கிக்கு வரமாட்டேன் என்று வனஜா முன்பே சொல்லிவிட்டாளாம். “அக்கா கையால செஞ்சதை அக்கா நேர்ல பார்க்க வேண்டாமா சார், அவங்களைக் கூட்டிட்டுப் போங்கன்னு என்கிட்ட சண்டை போட்டா, நாகு. உன் பொறந்தநாளுக்குச் சொல்லலாம்னு இருந்தோம்” என்றார்.

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். செத்துப்போனவர்களைப் பற்றி எல்லோரும் இப்படித்தான் நல்லதாக எதையாவது சொல்வார்கள்.